மெக்ஸிகோவின் மக்கட் கலையும் அதன் பண்டை வேர்களும்



தசராவும் தீபாவளியும் நெருங்கும் நாட்களில், நாம் குடியேறி வாழும் நகரங்களின் கடைத்தெருக்களில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக மலையெனக் குவியும் ஒரு மலரை நாம் எல்லோரும் அறிவோம். வடநாட்டார் அதனைக் கேந்தா என்பர். மராட்டியர் ஜெண்டு என்பர். ஊரில் நாம் செண்டுமல்லி என்றோம். வாயில்தோறும் தோரணமாகத் தொங்குவதையும், தெய்வத் திருவுருவங்களின் கழுத்தில் மாலையாக விளங்குவதையும் காணுங்கால், இம்மலர் வேதகாலந்தொட்டே இந்நாட்டில் பூத்து வந்தது போலும் என்று எண்ணத் தோன்றும். ஆயின் அது மெக்ஸிகோ நாட்டிற்கு உரிய செடி. ஐரோப்பியரின் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னரே அது கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

தாய்நாட்டில் அதற்குச் செம்பசூச்சில் என்று பெயர். அஸ்டெக் மக்களின் மொழியாகிய நாவாட்டில் இதற்கு 'இருபது மலர்' என்பது பொருள். இருபதையே அடிப்படையாகக் கொண்டு எண்ணிய மக்கள் அவர்கள். ஆதலின் இதழ்கள் பல செறிந்த மலர் என்பது கருத்து. நவம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களிலும் மெக்ஸிகோவில் இறந்தோர் நாள் கொண்டாடப்படுகின்றது. வீட்டினுள் ஒரு படையல் மேடை அமைத்து, மறைந்தவரின் படத்தை வைத்து, அவர் விரும்பி உண்ட உணவையும் குடிநீரையும் படைத்து, கோபல் என்னும் மரப்பிசினைப் புகைப்பர். வாயிலிலிருந்து மேடைவரை செம்பசூச்சில் இதழ்களைப் பாதையாகத் தூவுவர். அம்மணத்தையும் நிறத்தையும் பற்றிக்கொண்டு மறைந்தோர் வழி தவறாது வீடு வந்து சேர்வர் என்பது நம்பிக்கை.

அம்மேடையைச் சுற்றி மக்கட் கலையின் பொருள்கள் நிறைந்திருக்கும். சர்க்கரையால் வார்த்த மண்டையோடுகள், வண்ணத்தாளில் வெட்டிய சித்திரத் தோரணங்கள், களிமண் தூபக்கால்கள் ஆகியவற்றைக் காணும் அயல்நாட்டார், "இவை யாவும் அஸ்டெக்கர் காலத்தவை" என்று கூறி மகிழ்கின்றனர். இன்று நாம் சற்று நின்று ஆராய விரும்புவது இக்கூற்றையே. இவற்றுள் எது பழையது? பழையது என்றால் எவ்வகையில் பழையது?

மலரும் பிசினும் பழையவை, ஐயமில்லை. இறந்தோர்க்கு விழா எடுக்கும் வழக்கமும் ஸ்பானியர் வருமுன்னரே அங்கு இருந்தது. ஆனால் நவம்பர் 1, 2 என்னும் நாட்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியைச் சேர்ந்தவை. இன்றைய விழாவில் பண்டைச் சமயத்தின் பங்கு எவ்வளவு, திருச்சபையின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. தோரணம் வெட்டும் மெல்லிய வண்ணத்தாளோ ஆசியாவிலிருந்து கப்பலேறி வந்தது. இன்றும் அதனைச் 'சீனத்தாள்' என்றே அழைக்கின்றனர். பூத்தொப்பி அணிந்து பல்லைக் காட்டி நிற்கும் எலும்புக்கூட்டுச் சீமாட்டியின் உருவத்தைப் பலர் பார்த்திருக்கக்கூடும். அஃது அஸ்டெக் தெய்வமன்று. 1913-ஆம் ஆண்டில் மறைந்த ஹோசே குவாதலூப்பே போசாதா என்னும் சித்திரக்காரர், ஐரோப்பிய மோகங் கொண்ட பெண்டிரை நையாண்டி செய்ய வரைந்தது. தலைநகரில் இந்நாட்களில் நடைபெறும் பேரணியோ இன்னும் இளையது. 2015-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் துப்பறியும் திரைப்படத்தில் அத்தகைய ஊர்வலம் ஒன்றைக் கற்பனையாகக் காட்டினார்கள். அதனைக் கண்டு 2016-இல் உண்மையாகவே தொடங்கினார்கள்!

இதனால் மெக்ஸிகோவின் கலைக்குப் பண்டை வேர் இல்லை என்று நாம் கூறவில்லை. வேர் இருக்கின்றது, மிக ஆழமாகவே இருக்கின்றது. அதை எங்கே தேடுவது என்பதுதான் வினா. உருவத்தில் தேடினால் ஏமாந்து போகின்றோம். கைப்பழக்கத்திலும், கையாளும் பொருளிலும் தேடினால் கிடைக்கின்றது.

வரலாற்றை இரண்டொரு சொற்களில் கூறி மேலே செல்வோம். கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓல்மெக் மக்கள் அங்குப் பெருங்கற்களில் தலைகளைச் செதுக்கினர். பின்னர்த் தியோத்திவாக்கான் நகரும், சாப்போத்தெக்கர், மாயர், மிஷ்டெக்கர் நாகரிகங்களும் தழைத்தன. இறுதியில் வந்தவர் அஸ்டெக்கர். அவர்களுடைய தலைநகர் 1521-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் ஸ்பானியத் தளபதி கோர்த்தேசிடம் வீழ்ந்தது. கோயில்கள் இடிந்தன. நூல்கள் எரிந்தன. 1562-இல் மானி என்னும் ஊரில் பாதிரியார் தியேகோ தெ லாந்தா மாயருடைய ஏடுகளைத் தீயிலிட்டார். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மாயர் ஏடுகள் நான்கே நான்கு.

அவ்வேடுகள் எழுதப்பட்ட தாளின் வரலாறு கேட்கத்தக்கது. ஆமாத்தே என்பது அதன் பெயர். காட்டத்தி இனத்து மரங்களின் உட்பட்டையை உரித்து, சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, நார்களைப் பலகைமேல் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கையளவான கல்லால் தட்டித் தட்டி ஒன்றாக்கி, வெயிலில் உலர்த்துவார்கள். நார் நாரோடு இணைந்து தாளாகிவிடும். அஸ்டெக் பேரரசிற்குக் கப்பமாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தாள்கள் வந்தன. எழுதுவதற்கு மட்டுமன்றி, தெய்வங்களுக்கு அணிவிக்கவும் அதனைப் பயன்படுத்தினர். அக்காரணத்தாலேயே ஸ்பானியப் பாதிரிமார் அத்தொழிலை ஒடுக்கினர். எழுத்து மறைந்தது, எழுத்தரும் மறைந்தனர். தாள் செய்யும் தொழிலும் அடியோடு ஒழிந்தது என்றே எண்ணத் தோன்றும்.

ஒழியவில்லை. புவெப்லா மாநிலத்தின் மலைப்பகுதியில், சான் பாப்லித்தோ என்னும் சிற்றூரில், ஒத்தோமி இன மக்கள் அதனை விடாது செய்து வந்தனர். எதற்காக? அவர்களுக்கு எழுதும் தேவையில்லை. விதைப்பின்போதும் நோயின்போதும் நிகழ்த்தும் சடங்குகளில், சோளத்தின் ஆவி, அவரையின் ஆவி, மிளகாயின் ஆவி என்று ஒவ்வொன்றிற்கும் தாளில் உருவம் வெட்டி வைப்பது அவர்கள் வழக்கம். பாதிரிமாரின் கண்ணுக்குச் சேய்மையில், வெளியாருக்குக் காட்டாமல், இச்சடங்கிற்காகவே அவ்வூரின் பூசகர்கள் தாளைக் காத்தனர். இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் அங்குச் சென்றபோது, பண்டைய இடிபாடுகளைத் தோண்டுகையில் கிடைக்கும் தட்டுகல்லையொத்த கல் அம்மக்களின் கையில் இருக்கக் கண்டனர்.

1960-ஆம் ஆண்டுகளில் ஒரு புதுமை நிகழ்ந்தது. தெற்கேயுள்ள கெரேரோ மாநிலத்தில் நாவா இனத்துக் குயவர் சிலர், தாங்கள் பானைகளின்மேல் தீட்டி வந்த பூவையும் பறவையையும் ஒத்தோமியரின் தாளில் தீட்டத் தொடங்கினர். பானை உடையும், தாள் உடையாது, சுற்றுலாப் பயணியின் பெட்டியில் எளிதாக அடங்கும். அச்சித்திரங்கள் உலகெங்கும் பரவின. இன்று "பண்டை மெக்ஸிகோவின் ஓவியம்" என்று விற்கப்படும் அச்சித்திரத்தில் ஓவியத்தின் வயது அறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்; தாளின் வயதோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். பழமை எங்கே இருக்கின்றது என்பதை நேயர்கள் கண்டுகொள்ளலாம். இதில் ஒரு துன்பமும் உண்டு. தாளுக்குத் தேவை பெருகப் பெருகக் காட்டத்தி மரங்கள் அருகின. இப்போது வேறு மரங்களின் பட்டையை உரிக்கின்றனர். அவையும் குறைந்து வருகின்றன. நானூறு ஆண்டு மறைவில் காக்கப்பட்ட தொழிலுக்குச் சந்தையின் பாராட்டே சோதனையாக வந்து வாய்த்தது.

இனி நெசவு. நாகாலாந்திலும் மணிப்பூரிலும் பணியாற்றும் நேயர்கள், அங்குள்ள பெண்கள் இடுப்பில் வார்கட்டி நெய்யும் தறியை நேரில் கண்டிருக்கலாம். அதுபோன்ற தறியே மெக்ஸிகோவின் பழங்குடிப் பெண்களுடையதும். (இரண்டிற்கும் உறவு கற்பிக்க வேண்டா, எளிய தேவைக்கு எளிய கருவியை மனிதர் பல இடங்களிலும் கண்டிருக்கின்றனர்.) பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவர், மறுமுனை நெய்பவளின் இடுப்பில் இருக்கும். அவள் பின்னே சாய்ந்தால் பாவு இறுகும். முன்னே வந்தால் தளரும். நெய்பவளின் உடலே தறியின் ஓர் உறுப்பு. துணியின் அகலம் அவள் கை எட்டும் தூரத்திற்கு உட்பட்டது. அதனாலேயே உயிப்பில் என்னும் மேலாடையை இரண்டு மூன்று துண்டுகளாக நெய்து இணைக்கின்றனர்.

ஸ்பானியர் மிதிதறியையும் ஆட்டு மயிரையும் கொண்டு வந்தனர். மிதிதறி ஆடவர் தொழிலாயிற்று. பெண்கள் இடுப்புத் தறியைக் கைவிடவில்லை. 1540-ஆம் ஆண்டுகளில் வரையப்பட்டு இன்று ஆக்ஸ்போர்டில் இருக்கும் மெந்தோசா ஏட்டில், தாய் ஒருத்தி தன் பதினான்கு வயது மகளுக்கு நெசவு கற்பிக்கும் சித்திரம் ஒன்றுண்டு. அதில் காணும் தறிக்கும் இன்று சியாப்பாஸ் மலைகளில் காணும் தறிக்கும் வேறுபாடு சொல்லுவது அரிது. சியாப்பாஸ் நெசவில் சாய்சதுரக் கட்டங்கள் மிகுதி. மாயரின் யாஷ்சிலான் நகரிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள வாயில் மேற்கல் ஒன்றில், 709-ஆம் ஆண்டில் நிகழ்ந்த சடங்கில் ஓர் அரசி மண்டியிட்டிருக்கின்றாள். அவளுடைய ஆடையின் மேலும் சாய்சதுரங்களே பரந்து கிடக்கின்றன. சிற்பி இழைக்கு இழை செதுக்கியிருக்கின்றான். துணி மக்கி மண்ணாயிற்று. கல்லில் அதன் சாயல் நின்றது. பெண்களின் விரலில் அதன் செய்முறை நின்றது.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் நெசவை முடிக்க இயலாது. ஒஹாக்கா மாநிலத்துப் பினோத்தெப்பா தெ தோன் லூயிஸ் என்னும் ஊரின் மிஷ்டெக் ஆடவர் சிலர், ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பசிபிக் கடற்கரைக்குப் பயணம் மேற்கொள்கின்றனர். அலை மோதும் பாறைகளில் ஒருவகை நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனைப் பெயர்த்து மெல்ல அழுத்தினால் பால் போன்ற நீரை உமிழும். அந்நீரை நூற்கண்டின்மேல் தடவுகின்றனர். காற்றும் வெயிலும் பட்டதும் வெண்மை மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, பச்சை கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகின்றது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத நிறம். பின்பு நத்தையை ஈரமும் நிழலும் உள்ள பாறையில் திரும்ப ஒட்டிவிடுவர். அடுத்து ஒரு திங்கள் கழியும்வரை அதனைத் தீண்டுவதில்லை. பண்டைக் காலத்தில் மத்தியதரைக் கடற்கரையில் பினீஷியர் இத்தகைய ஊதாச் சாயத்திற்காக நத்தைகளைக் கோடிக்கணக்கில் நசுக்கிக் கொன்றனர். மிஷ்டெக்கரோ பசுவைக் கறப்பது போலக் கறந்தனர்.

1980-ஆம் ஆண்டுகளில் அயல்நாட்டு வாணிகர் கூலியாட்களை அமர்த்தி அதே நத்தையைக் கறக்கத் தொடங்கியபோது, நிழலும் பார்க்கவில்லை, திங்களும் பார்க்கவில்லை. நத்தைகள் மடிந்தன. மிஷ்டெக்கர் முறையிட்டனர், 1988-இல் மெக்ஸிகோ அரசு தலையிட்டு அந்நத்தைக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆயினும் இன்று அச்சாயம் தோய்ப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஊதா நூல் கலந்த ஒரு சிற்றாடையைக் காண்பது அவ்வூரிலேயே அரிதாகி வருகின்றது.

சிவப்புக்குச் சப்பாத்திக் கள்ளியின்மேல் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சி. அதனை உலர்த்தி அரைத்தால் செந்நிறம் கிடைக்கும். ஸ்பானியப் பேரரசிற்கு மெக்ஸிகோவிலிருந்து சென்ற செல்வத்தில் வெள்ளிக்கு அடுத்தபடியாக இருந்தது இப்பூச்சியே என்றால் வியப்பாக இல்லையா? அந்த இலாபத்தைக் கண்டு ஆசைகொண்ட ஆங்கிலேயர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் சென்னையிலேயே அதனை வளர்க்க முயன்றனர். கம்பெனி மருத்துவராகிய ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவிற்குப் பூச்சியும் வந்தது. வந்தது வேறினப் பூச்சி! நல்ல சாயம் தரவில்லை. கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. பூச்சியைக் கொண்டுவரலாம்; எந்தப் பூச்சி என்று அறியும் கண்ணைக் கப்பலில் ஏற்றிக் கொணர இயலவில்லை போலும்.

இதற்கு நேர்மாறாக, பழையது போலத் தோன்றும் புதியவை சில. மரத்தில் செதுக்கி, புள்ளியும் கோடுமாக வண்ணந் தீட்டிய, சிறகுள்ள பல்லி, கொம்புள்ள நாய் போன்ற விந்தை விலங்குகளை நேயர்களுள் இளையோர் திரைப்படத்தில் கண்டிருப்பர். ஆலெப்ரிஹே என்பது பெயர். இவற்றைத் தோற்றுவித்தவர் பேத்ரோ லினாரெஸ். மெக்ஸிகோ நகரில் தாளைக் கூழாக்கிப் பொம்மை செய்து பிழைத்தவர். 1936-இல் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது கனவில் இவ்விலங்குகளைக் கண்டதாக அவரே கூறினார். பிறகு ஒஹாக்காவின் மரச்சிற்பிகள் அவற்றை மரத்தில் வடித்தனர். அதே ஒஹாக்காவில் சான் பர்த்தோலோ கோயோத்தெபெக் என்னும் ஊரின் மட்பாண்டம் கண்ணாடி போலப் பளபளக்கும் கருநிறம் உடையது. பலர் அப்பளபளப்பைத் தொன்மையின் ஒளி என்று கருதுகின்றனர். அது 1950-ஆம் ஆண்டுகளில் டோனியா ரோசா என்று ஊரார் அழைத்த பெண்மணி கண்ட நுணுக்கம். சூளையில் வைக்குமுன் பானையைக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார். அதற்கு முன் அவ்வூர்ப் பானைகள் சாம்பல் நிறத்தன. தண்ணீருக்கும் மதுவுக்கும் உதவின. மெருகிட்ட பானையில் நீர் நில்லாது. அது பார்வைக்கு மட்டுமே. ஆனால் அப்பானையை வனையும் முறையைக் கவனியுங்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மற்றொரு தட்டை நிமிர்த்தி வைத்து, மேல்தட்டைக் கையால் சுழற்றுகின்றனர். திகிரி இல்லை. ஸ்பானியர் வருமுன் அந்நாட்டில் திகிரியே கிடையாது. விந்தை என்னவென்றால், சக்கரம் வைத்த களிமண் பொம்மைகள் வெராக்ரூசில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் விளையாட்டுக்குச் சக்கரத்தைக் கண்டவர்கள் பானைக்கும் வண்டிக்கும் அதனைப் பயன்படுத்தவில்லை.

நம்மவர்க்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. மெக்ஸிகோவின் உழவரும் நாட்டுப்புற நடனக்காரரும் கழுத்திலோ தலையிலோ கட்டும் சிவப்புப் பூப்போட்ட கைக்குட்டைக்குப் பாலியாகாத்தே என்று பெயர். விடுதலைப் போரின் தலைவர் மொரேலோஸ் படங்களில் தலையில் கட்டியிருப்பதும் இதுவே. நாவாட்டில் மொழியில் இச்சொல்லுக்கு வேர் காட்டிப் பொருள் கூறுவோர் அங்கு உளர். ஆயின் சொல்லின் பிறப்பிடம் வேறு. சென்னைக்கு வடக்கே கடற்கரையிலுள்ள பழவேற்காட்டைப் போர்ச்சுகீசியர் பாலியாகாத்தே என்றே எழுதினர். சோழமண்டலக் கரையின் துணிகள் மணிலா சென்று, அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் அக்கபுல்கோ துறைமுகத்தில் இறங்கின. துணியோடு ஊர்ப்பெயரும் இறங்கியது. நம் ஊர்ப்பெயரைத் தலையில் கட்டிக்கொண்டு அவர்கள் ஆடுகின்றனர். அவர்கள் பூவை நாம் வாயிலில் கட்டுகின்றோம். கணக்கு நேராயிற்று என்று வேடிக்கையாகக் கொள்ளலாம்.

மக்கட் கலை என்னும் பெருமிதம் மெக்ஸிகோ அரசுக்கு வந்த காலம் வேறு. 1910-இல் தொடங்கிய புரட்சிக்குப் பின், 1921-இல் தலைநகரில் நாட்டுப்புறக் கைவினைப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. டாக்டர் ஆத்ல் என்னும் புனைபெயர் கொண்ட ஓவியர் இக்கலைகளைப் பற்றி நூலும் எழுதினார். அதுவரை ஏழையின் சட்டி பானை என்று இகழப்பட்டவை நாட்டின் அடையாளமாயின. ஆனால் சட்டியைப் புகழ்ந்தவர்கள் சட்டி செய்தவருக்கு என்ன கொடுத்தனர் என்ற வினா இன்றும் ஓயவில்லை. 2015-இல் ஒஹாக்காவின் ஒரு மலையூரைச் சேர்ந்த மிஹே மக்கள், பாரிஸ் நகரத்து ஆடை வடிவமைப்பாளர் ஒருவரின் சட்டையில் தங்கள் ஊர்ப் பெண்களின் பூவேலை இருக்கக் கண்டு குரல் எழுப்பினர். ஊர்ச் சந்தையில் அச்சட்டை விலைபோவது ஒன்று. பாரிசில் விலைபோவது வேறொன்று. 2022-ஆம் ஆண்டு ஜனவரியில், இத்தகைய வடிவங்கள் அந்தந்தச் சமூகத்தாருக்கே உரியவை, அவர்தம் இசைவின்றி எடுத்தாளல் கூடாது என்று மெக்ஸிகோ சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது நன்றே. ஆயின் அயல் ஊரின் வடிவங்களும் கலந்து கலந்தே வளர்ந்த கலையில், இது எந்த ஊருக்கு உரியது என்று எல்லை கோலுவது எளிதன்று.

இறுதியாக, வடக்கேயுள்ள சிவாவா மாநிலத்திற்குச் செல்வோம். அங்கே பாக்கிமே என்னும் மண்ணகரம் சுமார் 1200 முதல் 1450 வரை சிறந்து விளங்கிப் பின் பாழடைந்தது. அதன் குயவர் வழியினர் என்று கூறிக்கொள்ள அங்கு எவரும் இல்லை. ஐந்நூறு ஆண்டுகள் அத்தொழில் அறவே நின்றிருந்தது. அருகிலுள்ள மாத்தா ஓர்த்தீஸ் என்னும் சிற்றூரில் ஹுவான் கெசாதா என்ற சிறுவன் மலையில் விறகு பொறுக்கச் செல்லும்போதெல்லாம் வண்ணந் தீட்டிய பழம்பானை ஓடுகளைக் கண்டான். கற்பிக்க ஆசான் இல்லை, நூலும் இல்லை. எந்த மண், எந்தக் கல்லின் நிறம், எத்துணை வெப்பம் என்று ஓட்டையே ஆசானாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் முயன்றான். வெடித்த பானைகள் எத்தனையோ! இறுதியில் கைவந்தது. தூரிகைக்கு மனிதத் தலைமயிர். சூளைக்குப் பதிலாக வறட்டி அடுக்கிய தீ. 1976-இல் அமெரிக்க மாநிலமொன்றின் பழம்பொருள் கடையில் அவருடைய பானைகள் மூன்றைக் கண்ட மானிடவியலாளர் ஸ்பென்சர் மக்கல்லம், செய்தவர் பெயர் தெரியாமல் எல்லை கடந்து ஊர் ஊராகத் தேடி அவரைக் கண்டுபிடித்தார். 1999-இல் கெசாதாவிற்கு நாட்டின் தேசியப் பரிசு கிடைத்தது. தாம் கண்ட நுணுக்கத்தை அவர் மறைத்து வைக்கவில்லை. உடன்பிறந்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பித்தார். 2022-இல் அவர் மறைந்தபோது அவ்வூரில் நூற்றுக்கணக்கானோர் பானை வனைந்துகொண்டிருந்தனர். பாக்கிமே குயவர் தம் பானையில் பெயர் எழுதியதில்லை. இவர்களோ ஒவ்வொரு பானையின் அடியிலும் தத்தம் பெயரை எழுதியே தீயில் வைக்கின்றனர்.